செட்டியார் வந்த குடில்

ஞானஒளிவுபுரம், மதுரை
டிசம்பர் 27

அன்புள்ள மீனா,

முதலில் திட்டித் தீர்த்துவிடு. ஆகஸ்டில் நீ போன் செய்தபோது "நாளைக்குப் பேசுறேன்டி" என்று வைத்தவள், நாலு மாதம் கழித்து இப்போதுதான் வாயைத் திறக்கிறேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய டப்பாவுக்குக்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. டப்பா பத்திரமாக இருக்கிறது. உள்ளே இருந்தது இரண்டு நாள் தாங்கவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி? உன் வீட்டுக்காரர் இன்னும் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறாரா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாமா போனபிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். திருவருகைக் காலம் தொடங்கிய ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அத்தை சொல்லிவிட்டார்கள். "இந்த வருசம் ஸ்டார் கட்டக் கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. புதுத்துணி கெடையாது." உங்கள் பக்கமும் இதேதானே. உனக்கும் எனக்கும் கோயில்தான் வேறு. துக்க வீட்டுச் சட்டமெல்லாம் ஒன்றுதான். பங்குத் தந்தை வந்தபோது, "பிறப்புத் திருநாளை நிறுத்தணும்னு ஒண்ணும் இல்லம்மா" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். அவர் வாசல் தாண்டியதும் அத்தை, "அவருக்கென்ன, சொல்லுவாரு. அவரு வீட்டுல ஈசிசேர் காலியாவா கெடக்கு?" என்றார்கள். அதற்குமேல் யார் பேசுவது?

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர நிம்மதி. முறுக்குப் பிழிய வேண்டாம், விளக்குத்தூண் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம், இவருடைய சட்டை அளவுக்குச் சண்டை போட வேண்டாம். பிள்ளைகளுக்கு என்ன தெரியும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

பதினெட்டாம் தேதி ராத்திரி அது உடைந்தது. கேரல் குழு வரும் நாள். சின்னவளும் பெரியவனும் எட்டு மணியிலிருந்தே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பதினொன்றரைக்குத் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. இரண்டு வீடு தள்ளி வரும்போதே சட்டென்று நின்றுவிட்டது. மரியாதைக்குத்தான், தப்பு சொல்லவில்லை. பாட்டில்லாமல், பேச்சில்லாமல் எங்கள் வாசலைக் கடந்து போனார்கள். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா, கையிலிருந்த மணி ஆடிவிடாமல் அதன் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே நடந்து போனார். நான்காவது வீட்டில் மறுபடி டிரம் ஆரம்பித்தது.

"தாத்தா ஏன்மா நம்ம வீட்டுக்கு வரல?" என்றாள் சின்னவள்.

எந்தத் தாத்தாவைக் கேட்கிறாள் என்று எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். இருந்தாலும் அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

மறுநாள் காபி கொடுக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமலே, "குடில் வேணா வைங்க. அது பண்டிகையில்ல, ஜெபம்" என்றார்கள்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினோம். அந்தப் பெட்டியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். நீயே ஒரு தடவை மாமாவிடம் மாட்டிக்கொண்டு, அசிசி பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ குகையில் நிஜ மாட்டையும் கழுதையையும் கட்டிக் குடில் வைத்த கதையை முக்கால் மணி நேரம் கேட்டவள்தானே. ஒவ்வொரு பொம்மையும் நியூஸ் பேப்பரில் சுற்றி, மேலே ஸ்கெட்ச் பேனாவில் மாமா எழுதியிருந்தார்: 'ஒட்டகம், முன்னங்கால் ஒட்டியது'. 'இடையன், காது இல்லை, பரவாயில்லை'. மாதாவின் வீட்டுக்காரர் சூசையப்பர்தான் கழுத்தோடு போயிருந்தார். எந்த எம்-சீலுக்கும் அடங்காத உடைவு.

சரியென்று இவரும் நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விளாச்சேரிக்குப் போனோம். பசுமலை தாண்டி ரொம்ப நாளைக்கப்புறம் போகிறேன். கொலுவுக்குப் பொம்மை செய்கிற அதே வீடுகள்தான், டிசம்பரில் குடில் செட். ஒரு திண்ணையில் இன்னும் வண்ணம் பூசாத ஞானியர் வரிசையாக வெள்ளை வெளேரென்று காய்கிறார்கள், மூலையில் நவராத்திரியில் விற்காமல் நின்ற பிள்ளையாரும் செட்டியாரும். சூசையப்பரைத் தேடி எடுக்க ஐந்து நிமிஷம். செட்டியாரை விட்டுப் பிரிய அரை மணி நேரம். பெரியவன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறான். தொந்தியும் தராசுமாக, முன்னால் அரிசியும் பருப்பும் பரப்பி உட்கார்ந்திருக்கிறார். "மாதாவுக்குப் பால்மாவு யாரு குடுப்பா? அந்த ராஜா மூணு பேரும் தங்கமும் சாம்பிராணியும்தானே கொண்டு வர்றாங்க?" என்று கேட்கிறான். இதற்கு ஞானோபதேச வகுப்பில் பதில் இருக்கிறதா சொல். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே இருபது ரூபாய் குறைத்தார்.

வீட்டில் செட்டியாரைக் குடிலின் ஓரத்தில், கேழ்வரகு முளைவிட்ட தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன், அத்தை பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று. காலையில் பார்க்கிறேன், செட்டியார் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே கடை போட்டிருக்கிறார். பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. இவர் சத்தியமாக நான் இல்லை என்கிறார். நான் யாரையும் கேட்கவில்லை.

அப்புறம் அச்சு முறுக்குக் கதை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம். நம் வீட்டில் செய்யக் கூடாதல்லவா, அதனால் தெருவே கொண்டுவந்து கொட்டுகிறது. மாடி வீட்டு அக்கா, அத்தையிடம் கற்றுக்கொண்டதுதான், ஒரு தூக்குவாளி நிறைய அச்சு முறுக்கு தந்தார். அத்தை ஒன்றைக் கடித்தார்கள். அதைத் திருப்பிப் பார்த்தார்கள். "தேங்காப்பால் பத்தல. அச்சு காயவே இல்ல" என்றார்கள். மத்தியானம் வரை அதே முணுமுணுப்பு. மூன்று மணிக்கு நம் வீட்டு இரும்பு அச்சைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மாடி ஏறிவிட்டார்கள்!

நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா வீட்டு அடுப்பில், அக்கா எண்ணெயில், அத்தை அச்சைக் காய வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாவில் முக்கால் அளவுக்குத்தான் முக்க வேண்டும். விளிம்பு மூழ்கினால் அச்சைவிட்டுக் கழன்றே வராது. அதைச் சின்னவளை மணைமேல் ஏற்றிவைத்துக் காட்டுகிறார்கள். முதல் பூ அச்சிலிருந்து தானாக விடுபட்டு எண்ணெயில் மிதந்தபோது சின்னவள் கைதட்டினாள். என்னைப் பார்த்ததும் அத்தை, "என்ன பாக்குற? நம்ம வீட்டுல சட்டி வைக்கலையே" என்றார்கள். ராத்திரி இவர், "அம்மா வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார்.

நள்ளிரவுப் பூசைக்குப் போய் வர மணி இரண்டாகிவிட்டது. சின்னவள் என் தோளில் பிணம்போலத் தூக்கம். பாலன் யேசுவைக் குடிலில் வைப்பது எப்போதும் மாமாதான். பெரியவன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "தாத்தா வைக்கிறப்ப ஏதோ சொல்லுவாரே, என்னது?" என்று கேட்டான். நாங்கள் எல்லோரும் அது ஏதோ ஜெபம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தோம். அத்தை சொன்னார்கள்: "'அப்பாடி, இடுப்பு போச்சு'ன்னு சொல்லுவாரு."

ஏழு வயசுப் பையன், பயபக்தியாகக் குனிந்து, "அப்பாடி, இடுப்பு போச்சு" என்று சொல்லிப் பாலனை வைத்தான். அத்தை சிரித்தார்கள் மீனா. சிரித்துக்கொண்டே ஈசிசேரில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்டிலிருந்து அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

எனக்கு ஒரு பயம் மட்டும் இருக்கிறது, உன்னிடம்தான் சொல்ல முடியும். சின்னவள் இப்போதே 'தாத்தா ரூம்' என்பதை 'டிவி ரூம்' என்கிறாள். நாலு வயசு. அவளுக்கு அவர் குரல் எவ்வளவு நாள் ஞாபகம் இருக்கும்? உன் அப்பா போனபோது உன் பெரியவளுக்கும் இதே வயசுதானே. அவள் என்னென்ன ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று கேட்டு எழுது. நிஜமாகக் கேட்கிறேன்.

மூன்று ராஜாக்கள் இப்போது பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். மாமா கணக்குப்படி தினம் ஒரு சாண், ஜனவரி 6-க்குக் குடிலை அடைய வேண்டும். பெரியவன் அவன் சாணில் அளக்கிறான், அதனால் பொங்கலுக்குத்தான் வந்து சேர்வார்கள் போலிருக்கிறது. நீ அதற்கு முன்னால் பிள்ளைகளோடு வா. பலகாரம் கொண்டு வரலாம்; நாங்கள் செய்யத்தான் கூடாது, தின்னத் தடையில்லை. அப்படியே, ஹாஸ்டலில் எடுத்துக்கொண்டு போன என் நீல ஸ்வெட்டரையும் கொண்டு வா. வார்டன் சிஸ்டர்மேல் பழி போட்டதெல்லாம் போதும்.

உன்
அமலா