புகார்: எடை வரம்பே போடாத சைக்கிள் சீட் பேக்குக்கு "ஓவர்லோடு"ன்னு வாரன்ட்டி மறுத்தது பத்தி

கஸ்டமர் கேர் டீமுக்கு, வணக்கம்.

சைக்கிள்ல சாமான் கட்டிக்கிட்டு டூர் போறதுக்கான உங்க ஆஃப்-ரோட் பைக்பேக்கிங் செட்டை, அதாவது சீட் பேக் (சீட்டுக்குப் பின்னாடி கட்டற பை), ஹேண்டில்பார் ரோல் (ஹேண்டில்ல கட்டற உருளைப் பை), ஃப்ரேம் பேக் (ஃப்ரேமுக்கு நடுவுல மாட்டற பை), ரெண்டு ஃபோர்க் கேஜ் (முன் வீலைப் பிடிக்கற ஃபோர்க்ல சாமான் வைக்கற கூடு) எல்லாம் சேர்ந்து வர்ற ஃபுல் செட்டை வாங்கினவன் நான். ட்ரெயில்ல (தார் போடாத காட்டுப் பாதைல) ஓட்டும்போது சீட் பேக்கோட ஸ்ட்ராப் தையலோட பிஞ்சு வந்துருச்சு, வாரன்ட்டில கேட்டா "அதிக எடை ஏற்றியதால் ஏற்பட்ட சேதம், வாரன்ட்டி பொருந்தாது"ன்னு ஒரே வரில பதில் அனுப்பிட்டு புகாரை மூடிட்டீங்க. அந்த பதிலை நான் ஏத்துக்க மாட்டேன். ஏன்னு விவரமா எழுதிருக்கேன், தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க, பேக் டிசைன் பண்றவங்க கண்ணுலயும் இது படணும்.

முதல் கேள்வி, அதிக எடைன்னா எவ்வளவுக்கு மேல? பேக் மேல 16 லிட்டர்னு பெருசா போட்ருக்கீங்க, ஆனா எத்தனை கிலோ தாங்கும்னு லேபிள்ல இல்ல, டப்பால இல்ல, கூட வந்த கையேட்டுல இல்ல, வெப்சைட்ல தேடினேன் அங்கயும் இல்ல. லிட்டரை வச்சு எடையை எப்படி கண்டுபிடிக்கறது? 16 லிட்டர் இடத்துல ஸ்லீப்பிங் பேக்கும் ஜாக்கெட்டும் அடைச்சா ரெண்டு கிலோ சுமாருக்கு வரும், அதே இடத்துல தண்ணிப் பையை வச்சு நிரப்பினா 16 கிலோ. ஃபோர்க் கேஜ்ல மட்டும் ஒரு பக்கத்துக்கு 3 கிலோன்னு ஒழுங்கா அச்சடிச்சிருக்கீங்க. நீங்க விக்கற பின் கேரியர்லயும் 25 கிலோன்னு முத்திரை இருக்கு, கேரியருக்கெல்லாம் ஐஎஸ்ஓ 11243ன்னு ஒரு தரநிலையே இருக்கு, அதுல எவ்வளவு தாங்கும்னு கேரியர் மேலயே குறிக்கணும். அப்போ எடை வரம்பு எழுதணும்னு உங்களுக்குத் தெரியாம இல்ல, சீட் பேக்குக்கு மட்டும் எழுதாம விட்டுட்டு, பிஞ்சதும் வரம்பைத் தாண்டிட்டீங்கன்னு சொன்னா அது எப்படி நியாயம்?

ஆனா எனக்கு உண்மையிலயே கோபம் வந்தது உங்க கையேட்டைப் பாத்துதான். சாமானை எப்படி பிரிச்சு வைக்கணும்னு ஒரு முழுப் பக்கப் படம் போட்ருக்கீங்க, அதுல சீட் பேக்குக்குள்ள டூல்ஸ், அடுப்பு, எரிபொருள், சாப்பாடு, தண்ணிப் பை, ஃப்ரேம் பேக்குக்குள்ள துணியும் ரெயின் ஜாக்கெட்டும், கீழ "கனமான பொருட்கள் பின்னால், அடிக்கடி எடுப்பவை நடுவில்"னு ஒரு வரி. புதுசா இந்தப் பக்கம் வர்றவங்க அதை நம்பி அப்படியே செய்வாங்க, நானும் கம்பெனி சொன்னபடியே செஞ்சேன். பேக் பண்ணி முடிச்சு தொங்கு தராசுல மாட்டிப் பாத்தப்போ சீட் பேக் 6.4 கிலோ, ஃப்ரேம் பேக் 1.8, ஹேண்டில்பார் ரோல் 2.7. போட்டோ இதோட வச்சிருக்கேன்.

தார் ரோட்ல லேசா ஆடிச்சு, சமாளிக்க முடிஞ்சுது. கல்லும் மர வேரும் உள்ள ட்ரெயில்ல ஏறினதும்தான் விஷயம் புரிஞ்சுது. சீட் பேக்கை சைக்கிளோட பிடிச்சு வச்சிருக்கறது சீட்டுக்கு அடியில இருக்கற ரெயில்ஸும் (ரெண்டு கம்பி), சீட்டைத் தாங்கற குழாயான சீட் போஸ்ட்டும் மட்டும்தான், மிச்சம் முழுக்க அந்தரத்துல நீட்டிக்கிட்டு நிக்குது, 16 லிட்டர் சைஸ்ல அதோட நுனி பின் வீல் அச்சையே தாண்டிப் போயிடுது. அந்த நுனில கனமான சாமான் இருந்தா எழுந்து நின்னு மிதிக்கும்போது நாம ஒரு பக்கம் போக பேக் இன்னொரு பக்கம் இழுக்கும். செங்குத்தான ஏத்தத்துல ஏற்கனவே நம்ம உடம்பு பாரம் பின் வீல் மேல இறங்கி முன் வீல் லேசாதான் தரையைத் தொட்டுக்கிட்டு இருக்கும், அதுல பின்னாடி 6 கிலோ தொங்கினா முன் வீல் தூக்கிடும், ஹேண்டிலைத் திருப்பினாலும் சைக்கிள் திரும்பாது. இறக்கம் இன்னும் மோசம். ஒவ்வொரு கல்லுல இறங்கும்போதும் அந்த 6 கிலோ ஸ்ட்ராப் மேல சுண்டி இழுக்கற இழுப்பு, சும்மா நிக்கும்போது இருக்கற பாரத்தை விடப் பல மடங்கு. அப்படி ஒரு இறக்கத்துலதான் தையல் விட்டு, பேக் தொங்கி பின் டயர்ல உரசி, பின் வீல் இழுத்துப் பிடிச்ச மாதிரி நின்னு போச்சு. நான் விழாம காலை ஊனிட்டேன், அந்த இடத்துல பக்கத்துல பள்ளம் இல்ல, அவ்வளவுதான். உங்களுக்கு இது ஸ்ட்ராப் விஷயம், எனக்கு இது உயிர் விஷயம்.

அதுக்கப்புறம் நான் செஞ்சதைக் கேளுங்க, என்னோட முழு வாதமே இதுலதான் இருக்கு. தடி ஊசி நூல் வச்சு ஸ்ட்ராப்பைத் தச்சுட்டு, ஒரு பொருளைக் கூட குறைக்காம, அதே சாமானை இடம் மாத்தி வச்சேன். தண்ணி, டூல்ஸ், அடுப்பு, எரிபொருள், சாப்பாடு எல்லாம் ஃப்ரேம் பேக்ல, அதுலயும் ரொம்ப கனமானது அடியில, பெடல் அச்சுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. சீட் பேக்ல ஸ்லீப்பிங் பேக்கும் துணியும், அதுலயும் கொஞ்சம் கெட்டியான மூட்டை சீட் போஸ்ட்டை ஒட்டி முன்னாடி, பஞ்சு மாதிரி லேசானது நுனில, பேக்ல இருக்கற வால்வைத் திறந்து உள்ள இருக்கற காத்தை வெளியேத்திட்டு இறுக்கிக் கட்டினேன். டென்ட் துணியும் படுக்கற மேட்டும் ஹேண்டில்பார் ரோல்ல, டென்ட் கம்பி மட்டும் ஃப்ரேமோட ஒட்டி. இப்போ சீட் பேக் 2.1 கிலோ. மொத்த எடை அதேதான், ஆனா அதே ஏத்தத்துல முன் வீல் தரையை விட்டு எழும்பல, எழுந்து நின்னு மிதிச்சாலும் வால் ஆட்டம் இல்ல. அப்போ பிரச்சனை நான் ஏத்தின எடையில இல்ல, நீங்க படம் போட்டுக் காட்டின இடத்துல இருக்கு.

கையேட்டுல விட்டுப் போனது வேற நிறைய இருக்கு. ஹேண்டில்பார் ரோல்ல கனம் ஏறினா ஸ்டியரிங் மந்தமாகும், பிரேக் கேபிளை அமுக்கும், இது பத்தி ஒரு வார்த்தை இல்ல. சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்ல ஷாக்குல (அதிர்வை வாங்கிக்கற, காத்து அடைச்ச பாகம்) இருந்து காத்தை இறக்கிட்டு முழுசா அமுக்கிப் பாத்து, அப்பவும் பேக்குக்கும் டயருக்கும் நடுவுல இடம் இருக்கான்னு செக் பண்ணச் சொல்லணும், நின்ன நிலைல இருக்கற இடைவெளியை நம்பவே கூடாது. லக்கேஜ் ஏத்தின பிறகு ஷாக்குலயும் பின் டயர்லயும் காத்தைத் திரும்ப சரி பண்ணணும். ட்ராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏத்தி இறக்கற சீட் போஸ்ட்) வச்சிருக்கறவங்க சீட்டைக் கீழ இறக்கினா இந்த பேக் நேரா டயர் மேல உக்காரும், அதைச் சொல்லாம "எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்"னு போடறது ஆபத்து. ஃபோர்க் கேஜ் படத்துல ஒரு பக்கம் பெரிய பாட்டில், இன்னொரு பக்கம் காலி. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு எழுதுங்க, சஸ்பென்ஷன் ஃபோர்க்ல மாட்டற எடை வீலோட சேர்ந்தே ஏறி இறங்கறதால அங்க குறைச்சலா வைக்கறதே நல்லதுன்னும், அதிர்வுல போல்ட் லூசாகும் அடிக்கடி முறுக்கிப் பாக்கணும்னும் எழுதுங்க. ஸ்ட்ராப்புக்கும் சீட் போஸ்ட்டுக்கும் நடுவுல மணல் புகுந்து என்னோட போஸ்ட்ல வட்டமா கீறல் விழுந்திருக்கு, என்னோடது அலுமினியம் அதனால கீறலோட போச்சு, கார்பன் போஸ்ட் வச்சிருந்தா அந்தத் தேய்மானத்தை சாதாரணமா எடுத்துக்க முடியாது.

போன்ல பேசின தம்பி பொறுமையா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு, அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல, அவர் கையில இருந்ததும் இதே கையேடுதான். உங்க பேக்கோட துணியும் ஜிப்பும் நிஜமாவே நல்லா இருக்கு, கொட்டற மழைல உள்ள ஒரு சொட்டு இறங்கல, ஃப்ரேம் பேக்கை இன்னும் அதே சைக்கிள்லதான் மாட்டியிருக்கேன். இவ்வளவு நல்லா தைக்கத் தெரிஞ்சவங்க ஒரு நம்பரை அச்சடிக்காம விட்டதும், தப்பான படத்தைப் போட்டதும்தான் என்னால தாங்க முடியல.

நான் கேக்கறது இதுதான். சீட் பேக்கை மாத்திக் கொடுங்க, இல்லன்னா அதோட விலையைத் திருப்பிக் கொடுங்க, நான் தச்ச ஸ்ட்ராப்போட திரும்ப ட்ரெயில்ல இறங்க எனக்கு தைரியம் இல்ல. வாரன்ட்டி மறுத்த பதிலை எழுத்துல வாபஸ் வாங்குங்க. சீட் பேக், ஹேண்டில்பார் ரோல், ஃப்ரேம் பேக் மூணுலயும் எத்தனை கிலோ வரைக்கும்னு லேபிள்லயே போடுங்க. அந்த லோடிங் பக்கத்தை வெப்சைட்ல இருந்து இன்னைக்கே எடுத்துருங்க, ஏற்கனவே வாங்கினவங்க எல்லாருக்கும் மெயில்ல திருத்தம் அனுப்புங்க, உங்ககிட்ட எல்லார் மெயில் ஐடியும் இருக்கு, ஆஃபர் வந்தா மட்டும் தவறாம அனுப்பறீங்க. நாளைக்கு யாரோ ஒருத்தர் அந்தப் படத்தைப் பாத்து பேக் பண்ணி, பள்ளம் உள்ள இறக்கத்துல இறங்கினா அதுக்கு நீங்கதான் பொறுப்பு.

பில், தராசு போட்டோ, பிஞ்ச தையலோட போட்டோ, கையேட்டுப் பக்கம் எல்லாம் அட்டாச் பண்ணிருக்கேன். சீட் பேக்கைத் துடைச்சு டப்பால போட்டு ரெடியா வச்சிருக்கேன், பிக்கப்புக்கு ஆள் எப்போ வருவாங்கன்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்