கனோசாப் பனியோடு கதையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையை என் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். ஜேர்மன் பேரரசர் நான்காம் ஹென்றி வட இத்தாலியில் உள்ள கனோசாக் கோட்டை வாசலில் மூன்று நாள் வெறுங்காலோடு பனியில் நின்றார், பாப்பரசர் ஏழாம் கிரகோரி மன்னித்தார், அன்றோடு பேரரசரின் அதிகாரம் முடிந்தது என்று அதில் இருந்தது. மூன்று நாள் நின்றது சரி. மற்றதை விட்டுவிட மனம் வரவில்லை.

1077 தை மாதத்தில் ஹென்றி பேரரசரே அல்ல, அரசர் மட்டும்தான். அரசரைப் பிரபுக்கள் தெரிந்தெடுப்பார்கள். உரோமையில் முடிசூடிய பிறகுதான் பேரரசர் என்ற பட்டம். பாப்பரசர் 1076இல் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியதும், பிரபுக்கள் கெடு வைத்தார்கள்: ஒரு வருடத்துக்குள் விலக்கு நீங்காவிட்டால் வேறு அரசரைப் பார்ப்போம் என்று. அவர்களோடு கூடிப் பேசப் பாப்பரசரும் ஜேர்மனிக்குப் புறப்பட்டுவிட்டார். ஹென்றி முந்திக்கொண்டார். மனைவி பேர்த்தாவையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு கடும் குளிரில் அல்ப்ஸ் மலையைக் கடந்தார். பாவமன்னிப்புக் கேட்டு வாசலில் நிற்பவனை ஒரு குருவானவர் எப்படித் திருப்பி அனுப்புவார்?

எங்கள் ஊர்க் கோயிலில் நான் எட்டு வருடம் வண்ணக்கராக, அதாவது கோயிலை நிர்வகிப்பவராக, இருந்தவன். குடி என்று நாங்கள் சொல்லும் குலங்களின் மக்கள் கூட நிற்கும் வரைக்கும்தான் வண்ணக்கர் சொல்லுக்கு மதிப்பு. ஒரு குடி மனம் கோணினால் திருவிழாவே ஆட்டம் காணும். ஹென்றிக்கும் பயம் பாப்பரசரைவிடப் பிரபுக்கள் மேல்தான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பயம் வீணும் போகவில்லை. விலக்கு நீங்கிய பிறகும் அதே வருடம் பங்குனியில் அவர்கள் ருடோல்ஃப் என்பவரை எதிர் அரசராக்கினார்கள். 1080இல் போரில் வலது கை வெட்டுண்டு ருடோல்ஃப் இறந்தார். அதே வருடம், அந்தப் போருக்கு முன்பே, ஹென்றி மறுபடியும் விலக்கப்பட்டிருந்தார். இந்த முறை அவர் வாசலில் போய் நிற்கவில்லை, படையோடு போனார். 1084இல் உரோமையைப் பிடித்து, தான் நிறுத்திய எதிர்ப் பாப்பரசர் கையால் பேரரசராக முடிசூடினார். கிரகோரி அடுத்த வருடம் சலேர்னோவில், உரோமைக்குத் திரும்பாமலே காலமானார். அதிகாரம் முடிந்துபோன ஒருவர் செய்கிற காரியமா இது?

ஆறு வருடத்துக்கு முன் ஜேர்மனியில், மன்னைமில் இருக்கும் மகளிடம் போனபோது, ஸ்பையர் பேராலயத்துக்குக் கூட்டிப்போனாள். நிலவறைப் பக்கம் ஹென்றியின் கல்லறை இருக்கிறது. பக்கத்தில் பாட்டன், தகப்பன், மகன். அந்த மகன் ஐந்தாம் ஹென்றிதான் 1105 முடிவில் தகப்பனைச் சிறைப்பிடித்து முடியைத் துறக்க வைத்தவர். 1106இல் ஹென்றி இறந்தபோதும் விலக்கு நீங்கியிருக்கவில்லை. அதனால் அவர் உடல் இருந்த பெட்டி, அபிஷேகம் செய்யப்படாத ஒரு சிற்றாலயத்தில் 1111 வரை புதைக்கப்படாமல் கிடந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

திருச்சபையின் ஆயர்களுக்கு (பிஷப்மாருக்கு) அவர்கள் பதவியின் அடையாளமான மோதிரமும் கோலும் கொடுக்கும் உரிமையை அதே மகன் 1122இல் வோர்ம்ஸ் உடன்பாட்டில் விட்டுக்கொடுத்தார். அரசரின் கை தளர்ந்ததைச் சொல்வதானால் அந்த இடத்தைச் சொல்லலாம். பேத்திக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. அவளைப்போல எத்தனையோ பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டுகிறார்கள். வரும் ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற தபாலதிபர்,
களுவாஞ்சிகுடி.