அஞ்சு மா என்றால் அஞ்சு ஏக்கர் இல்லை: டெல்டாவில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் உட்கார்ந்து அறுப்பு வண்டி புக்கிங், நெல் கணக்கு, உரக்கடை ஸ்டாக் என்று சின்னச் சின்னதாக ஏபிஐ (வேறு மென்பொருள் கூப்பிட்டு வேலை வாங்கும் வாசல்) எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான், நீடாமங்கலம் பக்கம். ஏஐ கூப்பிட்டுப் பயன்படுத்தும் டூலுக்கு, அதாவது நாம் எழுதும் ஏபிஐக்கு, விளக்கம் எப்படி எழுதுவது என்பதுதான் விஷயம். போன மாசி அறுப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமாவின் போனில் ஒரு ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் உதவியாள்) போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் பேசுவார், அது வண்டி புக் செய்யும் டூலைக் கூப்பிடும். டூலை எழுதியது யார் என்பது இங்கே வேண்டாம். மாமா சொன்னது, "வயல் இன்னும் காயல, பெல்ட் வண்டிதான் வேணும், அஞ்சு மா அறுக்கணும்." டூலின் விளக்கத்தில் இருந்தது மொத்தமே "அளவு: எண். வகை: 1 அல்லது 2". ஏஜென்ட் அளவுக்கு 5, வகைக்கு 1 என்று அனுப்பியது. டூலோ அளவை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டது, அதன் கணக்கில் 1 என்றால் டயர் வண்டி. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சர்வர் இழுத்துக்கொண்டே இருந்துவிட்டு "கோளாறு" என்று ஒற்றை வார்த்தை மட்டும் திருப்பியதால், புக் ஆகவில்லை போல என்று ஏஜென்ட் மறுபடி ஒருமுறை அனுப்பிவிட்டது. விடிந்தால் ரோட்டில் இரண்டு டயர் வண்டிகள், அஞ்சு ஏக்கர் வேலை இருக்கிறது என்று நம்பி. இருந்ததோ ஒன்றேமுக்கால் ஏக்கர்கூட இல்லை, அதுவும் கால் வைத்தால் புதையும் சேறு. டீசல் காசைக் கொடுத்து அனுப்பிவைத்தோம். மாமா என்னைத் தவிர வேறு யாரையும் திட்டவில்லை.

ஏஐக்கு அறிவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மா என்றால் 100 குழி, கிட்டத்தட்ட 33 சென்ட், 20 மா சேர்ந்தால் ஒரு வேலி என்று தனியாகக் கேட்டால் அது சரியாகவே சொல்கிறது. அதற்குத் தெரியாதது உங்கள் டூல் எதை எதிர்பார்க்கிறது என்பதுதான். 2023 ஜூனில் ஓபன்ஏஐ ஃபங்ஷன் காலிங் (ஏஐ வெளி டூலைக் கூப்பிடும் வசதி) கொண்டுவந்தபோதும் சரி, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபியை (ஏஐயையும் டூலையும் இணைக்கும் பொது முறை) வெளியிட்டபோதும் சரி, ஏற்பாடு ஒன்றுதான்: டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா, இவ்வளவுதான் மாடலின் (ஏஜென்டுக்குள் இருக்கும் ஏஐயின்) கண்ணில் படும். உங்கள் கோடு (நிரல்) படாது, நீங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட வாய்ஸ் நோட்டும் படாது. கடைக்குப் புதிதாக வந்த பையன் என்றால் "அண்ணே, இது மாவா ஏக்கரா?" என்று டீ வாங்கப் போகும்போது கேட்டுக்கொள்வான். இது பல நேரம் கேட்காது, ஊகித்துவிடும்.

நம் ஊரில் அலகு இல்லாத எண் ரொம்பவே ஆபத்து. மூட்டை என்றால் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ, வியாபாரியிடம் போனால் 60, சில இடத்தில் இன்னும் கூட. மேட்டூர் நிலவரம் 90 என்று ஒரு டூல் சொன்னால் அது அடியா டிஎம்சியா? முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. 90 டிஎம்சி என்றால் அணை ததும்புகிறது, 90 அடி என்றால் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, நாற்று விடுவதா வேண்டாமா என்பதே இதில் மாறிப்போகும். தேதியும் அப்படித்தான். 12/06 என்றால் நமக்கு மேட்டூர் திறக்கும் நாள், அமெரிக்க வழக்கத்தில் படித்தால் டிசம்பர் 6. வருடம்-மாதம்-நாள் என்று ஸ்கீமாவிலேயே எழுதிவிடுங்கள்.

அதனால் "அளவு" என்று வைக்காமல் "நில_அளவு_ஏக்கரில்" என்று பெயர் வையுங்கள், விளக்கத்தில் "மாவில் சொன்னால் 0.33 ஆல் பெருக்கி அனுப்பு, அலகு சொல்லாவிட்டால் கேள்" என்று ஒரு வரி சேருங்கள். 1, 2 வேண்டாம், ஈனமில் (இவற்றில் ஒன்றுதான் வரலாம் என்கிற பட்டியல்) "பெல்ட்", "டயர்" என்றே கொடுங்கள். கோளாறு என்றால் அடுத்து என்ன செய்வது என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கட்டும்: "புக்கிங் ஆகியிருக்கலாம், மறுபடி அனுப்பும் முன் நிலவரம் டூலில் பார்". புக்கிங்குக்கு ஒரு தனி எண்ணை வாங்கிக்கொண்டு, அதே எண் இரண்டாம் முறை வந்தால் புது வண்டி பதியாமல் பழைய புக்கிங்கையே திருப்பிக் கொடுத்தால் இன்னும் நிம்மதி. எம்சிபியில் ரீட்ஒன்லிஹின்ட், டெஸ்ட்ரக்டிவ்ஹின்ட் என்று குறிப்புகள் இருக்கின்றன, விலை பார்க்கும் டூலுக்கும் புக்கிங்கை ரத்து செய்யும் டூலுக்கும் வித்தியாசம் காட்டத்தான் அவை, நிரப்புங்கள். ஆனால் அவை வெறும் குறிப்புகள், பூட்டு இல்லை, அனுமதிச் சோதனையை உங்கள் சர்வர்தான் செய்ய வேண்டும்.

அதற்காகப் புராணம் எழுதவும் வேண்டாம். இந்த விளக்கம் எல்லாம் ஒவ்வொரு உரையாடலிலும் மாடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும், டோக்கன் காசு (மாடல் படிக்கும் சொல் துண்டுகளுக்கான கட்டணம்), அதோடு 40 டூலுக்குப் பக்கம் பக்கமாக எழுதினால் எதை எடுப்பது என்று அதுவே திணறும். (நான் முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம். இப்போது ஆறு வரி.)

எழுதி முடித்ததும் நீங்களே படித்துச் சரி பார்க்காதீர்கள், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. வேண்டுமானால் விளக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், கோடு வேண்டாம். தை அறுப்புக்கு முன்னால் மாமாவை உட்காரவைத்து அவர் பாட்டுக்குப் பேசவிட்டு, எங்கே தடுக்குகிறது என்று எழுதி அனுப்புகிறேன். அவர் சம்மதித்துவிட்டார், டீக்குத்தான் நீங்கள் பொறுப்பு.