படத்தின் அடியை வெட்டிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையுடன், மேரிலாந்து மாநிலத்துப் பாயிண்ட் லுக்அவுட்டின் மருத்துவமனையையும் சிறைமுகாமையும் காட்டும் பழைய படம் ஒன்றை வெளியிட்டு, "கைதிகள் வசதியாகத் தங்கவைக்கப்பட்டிருந்ததை இப்புகைப்படம் காட்டுகிறது" என்று அதன் கீழே அச்சிட்டிருந்தீர்கள். 26 ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படிக்கும் எனக்கு அந்த ஒரு வரி இரண்டு நாள் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அது புகைப்படம் அன்று. 1864-இல் பால்டிமோர் நகரத்து ஈ. சாக்ஸே நிறுவனம் கல்லச்சில், அதாவது ஓவியர் கையால் கல்லின்மேல் வரைந்ததைத் தாளில் எடுக்கும் லித்தோ முறையில், அடித்த வண்ணப் படம். தலைப்பும் அச்சகத்தின் பெயரும் அதன் அடியிலேயே இருக்கும் என்பது தாங்கள் அறியாததன்று. அந்த அடிப்பகுதியைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் லித்தோ ஓவியனாக இருந்தவன். ஒருமுறை காலண்டருக்காக ஓர் ஆலையை வானிலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொன்னார்கள். மதிலை ஒட்டியிருந்த குடிசைகளையும் சாக்கடையையும் கண்டபடியே வரைந்திருந்தேன். ஆலை முதலாளி அந்த இடத்தில் விரலை வைத்து, "இதையெல்லாம் எடுத்துட்டுத் தென்னை மரம் போடுங்க" என்றார். எட்டுத் தென்னைகள் போட்டேன். அந்தக் காலண்டரை இன்று எடுத்துப் பார்ப்பவர் அங்கே தோப்பு இருந்ததாகவே நம்புவார். உயரத்திலிருந்து வரையும் படத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்பது வரைபவன் கையிலும், அவனுக்குக் கூலி கொடுப்பவர் கையிலும் இருக்கிறது.

அதேபோல் உயரத்திலிருந்து பார்ப்பதாக வரைந்த சாக்ஸே படத்தில் பொட்டோமாக் ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் முனையில், சக்கரத்தின் ஆரங்கள்போல மருத்துவமனைக் கட்டடங்கள் விரிந்திருக்கின்றன. சற்றுத் தள்ளி, நாற்று நட்டதுபோல் கூடாரங்கள். அந்த உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின் வடதரப்பு அரசு 1863-இல் திறந்து 1865-இல் மூடிய அந்த முகாமுக்குள், பிரிந்துபோன தென் மாநிலங்களின் தரப்பைச் சேர்ந்த 50,000-க்கும் மேற்பட்ட கைதிகள் வந்துபோனார்கள். கடல் காற்றடிக்கும் குளிர்காலத்திலும் அவர்களுக்குக் கூடாரம்தான். விறகு போதவில்லை, கிணற்று நீர் குடிக்கத் தக்கதாக இல்லை. 3,000-க்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டார்கள். அங்கே கைதியாக இருந்த ஜான் ஒமென்ஹாசர் முகாமின் அன்றாடத்தைத் தம் கையாலேயே வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார். உள்ளே கிடந்தவன் வரைந்ததில் ஒன்றையேனும் பக்கத்தில் போட்டிருந்தால், "வசதியாக" என்று எழுத யாருக்கும் கை வந்திராது.

சென்ற ஆண்டும் ஒரு துறைமுகத்தின் கல்லச்சுப் படத்தைப் புகைப்படம் என்றே வெளியிட்டீர்கள். அப்போது நான் எழுதிய கடிதத்துக்கு ஒரு வரிப் பதிலும் வரவில்லை. வரைந்தவர் பெயரையோ அச்சகத்தின் பெயரையோ தங்கள் இதழில் நான் கண்டதே இல்லை. இத்தொழிலில் கண் பார்வை மங்கிப்போன எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு வருத்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டு, அந்தப் படத்தை அடியெழுத்துகளோடு முழுமையாக ஒருமுறை அச்சிடும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லித்தோ ஓவியர்,
சிவகாசி.