வெப்பமானி ஓரிடத்தில் நின்றுவிடுகிறதா? திருப்பி அனுப்பும் முன் வாசியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆய்வக வெப்பமானி வாங்கிய ஆசிரியர்களிடமிருந்து அடிக்கடி வரும் குறை இது: “பர்னர் எரிந்துகொண்டே இருக்கிறது, அளவு மட்டும் ஏறாமல் நிற்கிறது.” பெரும்பாலும் அது பழுதே அல்ல. பனிக்கட்டி உருகும்போதும் நீர் கொதிக்கும்போதும் அளவு நின்றால்தான் வெப்பமானி சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

திடப்பொருளின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்தபடி, இருந்த இடத்திலேயே அதிர்கின்றன. சூடேற்றினால் அதிர்வு கூடுகிறது, அளவும் ஏறுகிறது. உருகுநிலை வந்ததும், உள்ளே போகும் வெப்பம் அதிர்வைக் கூட்டாமல் அந்தப் பிடியைத் தளர்த்துவதில் செலவாகிறது. கடைசித் துண்டு உருகும்வரை அளவு நகராது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் விளக்கிய உள்ளுறை வெப்பம் இதுதான்.

0 டிகிரி செல்சியஸில் உள்ள 1 கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வேண்டும். உருகிய நீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 418 ஜூல். அதை முழுக்க ஆவியாக்க 2260 ஜூல். 100 கிராம் பனிக்கட்டிக்கு 200 வாட் வெப்பம் சிதறாமல் போய்ச் சேர்ந்தால், உருக 3 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, கொதிநிலையை எட்ட மூன்றரை நிமிடம், வற்றித் தீர ஏறக்குறைய 19 நிமிடம். அந்த 19 நிமிடமும் அளவு அசையாது. உருகும்போது பிடி தளர்ந்தாலும் மூலக்கூறுகள் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. ஆவியாகும்போது ஒன்றைவிட்டு ஒன்று அடியோடு பிரிய வேண்டும். அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். நீராவி கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுவதும் இதனால்தான்: நீராகத் திரும்பும்போது அந்த 2260 ஜூலையும் தோலில் இறக்கிவிடுகிறது. மாணவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஈர்ப்பு பொருளுக்குப் பொருள் மாறும். அசிட்டோன் மூலக்கூறு நீர் மூலக்கூறைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனமானது; ஆனாலும் 56 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நீர் மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு அசிட்டோன் மூலக்கூறுகளுக்கிடையே இல்லை.

மெழுகு போன்ற ஸ்டியரிக் அமிலத்தை உருக்கி ஆறவிட்டு, நேரத்துக்கு எதிராக வெப்பநிலையை வரையும் சோதனை பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். சோதனைக்குழாயை நேரடியாகச் சுடரில் காட்டாதீர்கள். ஓரம் உருகி அதன் வெப்பநிலை எங்கோ ஏறிவிடும், நடு இன்னும் கட்டியாக இருக்கும், அளவு நிற்பதைக் காட்டும் சமதளமே வரைபடத்தில் வராது. 85 டிகிரி வெந்நீர் உள்ள பீக்கரில் இறக்கி முழுவதும் உருக்குங்கள். பிறகு வெளியே எடுத்து, வெப்பமானியின் குமிழ் அமிலத்தின் நடுவில் இருக்கும்படி பிடித்து, ஆறும்போது 30 விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஆறும்போது வரும் சமதளமே தெளிவாக இருக்கும். அளவு சில நேரம் உறைநிலைக்குக் கீழே சறுக்கி, படிகம் உண்டானதும் திரும்ப மேலே ஏறும். பயப்பட வேண்டாம், அது மீக்குளிர்வு. உறையும்போது வெளிவரும் வெப்பம்தான் அளவைத் தூக்குகிறது. தூய அமிலம் 69 டிகிரியை ஒட்டி உறையும். வணிகத் தரத்தில் பால்மிட்டிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம் கலந்திருப்பதால் 55 டிகிரியை ஒட்டி வரலாம். அதற்கும் வெப்பமானியைக் குறைசொல்ல வேண்டாம்.

உறைந்த அமிலத்திலிருந்து வெப்பமானியைப் பிடித்து இழுக்காதீர்கள், குமிழ் உடைந்துவிடும். மறுபடி உருக்கித்தான் எடுக்க வேண்டும்.

உண்மையிலேயே பழுதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் அதே நீரை ஊற்றுங்கள். கட்டிகள் மிதக்கும் அளவுக்கு வேண்டாம். மிதந்தால் அடியில் தேங்கும் நீர் 4 டிகிரிவரை இருக்கக்கூடும். கலக்கிவிட்டு, தண்டில் அமிழ்வுக் கோடு இருந்தால் அதுவரை வெப்பமானியை இறக்கி, 5 நிமிடம் கழித்து, கண்ணை வெப்பமானித் திரவத்தின் மட்டத்துக்கு நேராக வைத்துப் படியுங்கள். 0 காட்ட வேண்டும். கொதிநிலையை வைத்துச் சோதிப்பவர்கள் உங்கள் ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும். பீக்கரில் சில பீங்கான் சில்லுகளைச் சூடேற்றும் முன்பே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நீர் திடீரென்று பொங்கித் தெறிக்கும்.

ஆல்கஹால் வெப்பமானியில் நிறத்திரவம் நடுவில் அறுந்து நின்றால் அளவு தவறும். வெப்பமானியை நிமிர்த்திப் பிடித்து, குமிழை உப்பு கலந்த பனிக்கட்டியில் வையுங்கள். திரவம் சுருங்கிக் கீழே இறங்கி ஒன்றுசேரும். சுடரில் காட்டி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பனிக்கட்டியில் 1 டிகிரிக்கு மேல் பிசகு இருந்தால், படித்த அளவையும் அமிழ்த்திய ஆழத்தையும் எழுதி அனுப்புங்கள். மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஆய்வகக் கருவிகள் பிரிவு