அம்மாள் உன்னைத் தள்ளி வைக்கவில்லை, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் பெயரை எழுதவில்லை. இரண்டு வரி படித்ததுமே இது உனக்குத்தான் என்று உனக்குத் தெரிந்துவிடும். நேரில் வந்து பேசியிருக்கலாம். வந்தால் வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், நீயும் தலையைக் குனிந்துகொண்டு "ஒண்ணும் இல்லக்கா" என்பாய். அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதக் காரணம், மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் ஊரில் உன்னைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை விழுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும்.

உனக்குக் காசநோய் என்று தெரிந்ததுமே, தோட்டத்துக் கோவிலில் வேண்டிக்கொண்ட தீமிதியைச் செய்யாமல் விட்டதால்தான் இது வந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனில் நீ அதைச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு இதே நோய் வந்தபோதும் இதே பேச்சுதான். குலதெய்வக் குற்றம், கண்ணேறு, யாரோ வைத்த செய்வினை என்று ஒன்று விடவில்லை. கிருமி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1882-லேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்ட கிருமி அது. நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலந்து அடுத்தவர் மூச்சில் போகிறது. யார் நேர்த்திக்கடனை முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்று அது பார்ப்பதில்லை.

சாமி கும்பிடாதே என்று சொல்ல வரவில்லை. எழுந்து உட்காரவே தெம்பு இல்லாத நாட்களில் என்னைத் தாங்கியது அம்மாள்தான், நம்ம மாரியம்மன்தான். ஆனால் உன்னிடம் சொல்லப்படுகிற அம்மாள், குற்றம் எழுதி வைத்துக்கொண்டு நெஞ்சில் நோயைப் போடுகிற அம்மாள், நம் பெரியவர்கள் கும்பிட்ட அம்மாள் இல்லை.

காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு மாரியம்மனைக் கும்பிட்டார்களே, அது சும்மா இல்லை. மலேரியாவும் காலராவும் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. அம்மை போட்டவர்களை அப்போது எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று என் அம்மாச்சி நிறையச் சொல்லியிருக்கிறார். தனியாகத்தான் படுக்க வைப்பார்களாம். நிலைவாசலில் வேப்பிலை செருகுவார்கள். ஆனால் படுத்திருப்பவரை யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லக்கூடாது. அம்மாளே வந்து இறங்கியிருக்கிறாள் என்றுதான் நினைப்பு. அந்த வீட்டில் எண்ணெய் தாளிக்க மாட்டார்கள். சண்டை போட மாட்டார்கள். பாயில் வேப்பிலை பரப்பி, இளநீரும் கூழும் கொடுத்து, அம்மை இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஒதுக்கி வைத்தார்கள், ஆனால் அவமானப்படுத்தவில்லை. நோய் வந்தவரைச் சாமிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த சனம் நாம்.

அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி வைக்கிறார்கள். தட்டு, டம்ளர், துணி வழியாக இது பரவாது. ஒழுங்காக மருந்து எடுக்க ஆரம்பித்து இரண்டு வாரம் போனாலே பெரும்பாலும் மற்றவர்களுக்கு ஒட்டாது. நீ அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாய். பிள்ளைகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாய் அல்லவா, அது போதும். இனி அவர்களைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள். 1950களின் கடைசியில் சென்னையில் இதை ஆராய்ந்தே பார்த்தார்கள். ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலும் ஏழைகள், நெருக்கடியான வீடுகள். வீட்டில் இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே குணமானார்கள். கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க வீட்டிலிருந்தே வைத்தியம் என்று மாறியது. நம் தமிழ்ச் சனத்தின் வீடுகளில் நிரூபித்த விஷயம் அம்மா இது. உன் மாமியாரிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துக் காட்டு.

எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிற ஒன்றைச் சொல்கிறேன். நோய் தெரிந்தபின் முதல் தடவையாக நான் கோவிலுக்குப் போன வெள்ளிக்கிழமை. ரப்பர் தோட்டம் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டமாகி லயங்களை இடித்துவிட்டாலும் கோவில் மட்டும் அங்கேயே இருக்கிறதே, அதற்குத்தான் போனேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நானும் திருநீறுக்குக் கையை நீட்டாமல் தூணோரம் ஒதுங்கி நின்றேன். பூசாரித் தாத்தா தட்டோடு நேராக என்னிடம் வந்தார். கையில் போட்டுவிட்டுப் போகவில்லை. கட்டைவிரலால் நெற்றியில் அழுத்திப் பூசினார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. "மருந்து சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். "அப்போ சரி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார். மாதக்கணக்கில் என்னை யாரும் தொட்டிருக்கவில்லை. அந்த விரலின் அழுத்தம்தான் மறுநாள் காலையில் என்னைக் கிளினிக்குக்கு நடக்க வைத்தது.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டு மாதம் ஓடிவிட்டது, இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பில் சதை பிடித்திருக்கிறது. நான்கு மருந்தாக இருந்ததை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். இனி மருந்து எதற்கு, ஒரு மண்டலம் விரதம் இருந்து சாமியாரின் சூரணத்தைச் சாப்பிட்டால் போதும் என்று உன்னிடம் ஒருவர் சொல்கிறார். வேண்டாம், தங்கச்சி. ஆபத்தான இடமே இதுதான். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் செத்துவிடும். சோம்பிக் கிடப்பவை நுரையீரலில் ஒளிந்திருக்கும். அவற்றுக்குத்தான் மீதி நான்கு மாதம். இடையில் விட்டால் மருந்துக்கு மசியாத நோயாகத் திரும்பி வரலாம், அப்புறம் வைத்தியம் இன்னும் கடினம். சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறது, ரத்தமோ என்று பயந்தாயே, அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். பயப்படாதே. ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கிளினிக்குக்கு ஓடு.

காலையில் கிளினிக்கில் மிஸ்ஸியின், அதாவது நர்ஸின், கண் முன்னால் மாத்திரை விழுங்குவது அவமானமாக இருக்கிறது என்றாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு மாத்திரைக்கும் மனசுக்குள் ஒரு தரம் "தாயே" என்று சொல்லி விழுங்க ஆரம்பித்தேன். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து செய்த அந்தப் பூசையை விட உண்மையான பூசையை நான் எந்தக் கோவிலிலும் செய்ததில்லை.

அழுகை வந்தால் அம்மாளிடமே போய் அழு. சண்டை போடு. சூலைநோய் குடலைப் புரட்டியபோது திருநாவுக்கரசர் அடக்கமாகவா இருந்தார்? செய்த குற்றம் என்னவென்று தெரியவில்லையே, தாங்க முடியவில்லையே என்று திருவதிகை வீரட்டானத்தில் சிவனிடம் முறையிட்டார். அதற்கு முன்னால், ராத்திரியோடு ராத்திரியாக வாசலில் வந்து நின்ற தம்பிக்குத் திருநீறு கொடுத்து, விடியற்காலையில் கோவில் கூட்டப் போகும்போது கூடவே கூட்டிப்போனாரே திலகவதியார், அந்த அக்காவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தீமிதிக் கடன் அப்படியே இருக்கட்டும். அம்மாள் அதற்கு வட்டி போட மாட்டாள். மருந்து முடிந்து, எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் சரி என்று சொன்னபிறகு சேர்ந்தே போய்ச் செய்வோம். அதுவரைக்கும் விரதம் வேண்டாம். முட்டை, மீன், பருப்பு என்று நன்றாகச் சாப்பிடு.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மோட்டார் சைக்கிளோடு உன் வாசலில் நிற்பேன். கிளினிக் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள். வருகிற வழியில் கோவிலுக்கும் போய்விட்டு வரலாம்.

உன் அக்கா