பச்சை வாந்தியைக் கண்டதும் விரைந்து செயல்பட்டவர்களுக்கு

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். என் மகள் வயிற்றுப் பேரன் பிறந்த முதல் வாரத்திலேயே குடல் முறுக்கிக்கொண்டு உயிருக்குப் போராடினான். இன்று அவன் குப்புற விழுந்து, தலை தூக்கி, தெருவில் போகிறவர்களை எல்லாம் வேடிக்கை பார்க்கிறான். அவனைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் கண்டு கைகூப்ப வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அவர்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. மருத்துவர்களும் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகையால் அவரவர் செய்த பணியைச் சொல்லியே என் நன்றியைத் தெரிவிக்கிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியருக்கு. பிள்ளை பெற்று வீடு திரும்பிய என் மகளைப் பார்க்க அவர் வந்த அன்று காலையில்தான் குழந்தை பால் குடிக்க மறுத்து வாந்தி எடுக்கத் தொடங்கியிருந்தான். வயிறு வீங்கவில்லை, பிறந்ததும் கழிக்கும் முதல் கரும்பச்சை மலமான காட்டுப்பீயையும் முறையாகக் கழித்திருந்தான். "பால் ஒதுக்குது" என்று ஒருவரும், "செவ்வாப்பு, உரைமருந்து கொடுத்தால் சரியாகும்" என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டிருக்க, அவர் யாருக்கும் மறுமொழி சொல்லாமல், குழந்தையைச் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். அதில் கரும்பச்சையாய்க் கறை இருந்தது. "இது பால் வாந்தி இல்லைங்கய்யா, பித்தநீர். பிறந்த குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா, குடல்ல அடைப்பு இல்லைன்னு தெரியுற வரைக்கும் அதை அடைப்புன்னுதான் எடுத்துக்கணும். இப்பவே கிளம்புங்க" என்றார். அந்தத் துணியையும் ஒரு பாலித்தீன் உறையில் போட்டு, மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். பிறகு சென்னை எழும்பூர் மருத்துவமனையில் அதைப் பார்த்த மருத்துவர், அதற்குமேல் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அச்செவிலியரின் பணியைப் பாராட்டி அவருடைய மேலதிகாரிகளுக்குத் தனியே ஒரு கடிதம் எழுதியுள்ளேன்.

108 ஊர்தியின் ஓட்டுநருக்கும், உடன்வந்த மருத்துவ உதவியாளருக்கும் நன்றி. வழியில் இருந்த அரசு மருத்துவமனையில் மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, நரம்பில் மருந்து நீர் ஏற்றி, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குத் தொலைபேசியில் முன்கூட்டியே தகவல் சொன்ன இளம் மருத்துவருக்கும் நன்றி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் அறையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியைச் சுற்றிச் சிரை சுருண்டிருப்பதை இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கண்ட மருத்துவர், எழுத்து அறிக்கைக்காகக் காத்திராமல், அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தாமே நடந்து சென்று சொன்னார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன், தலைமை அறுவை சிகிச்சை நிபுணர் ஓர் ஆய்வகச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து எங்களுக்கு விளக்கியதை நான் மறக்க மாட்டேன். கரு உருவான ஐந்தாம், ஆறாம் வாரங்களில் குடல் வேகமாக வளர்ந்து, வயிற்றுக்குள் இடம் போதாமல் தொப்புள் கொடிக்குள் இறங்குகிறது. பிறகு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மொத்தம் 270 பாகை சுழன்று, பத்து முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மீண்டும் வயிற்றுக்குள் போய்த் தன் இடத்தில் பதிந்துகொள்கிறது. அப்படிப் பதிந்த குடலை விரித்த விசிறிபோல் அகன்ற ஒரு சவ்வு முதுகுப்புறத்தோடு பிணைத்து வைக்கிறது. எங்கள் பேரனுக்குச் சுழற்சி பாதியில் நின்றுவிட்டதால் அந்தச் சவ்வின் அடிப்பகுதி ஒரு காம்பளவுக்குக் குறுகி, சிறுகுடல் முழுவதும் அந்தக் காம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டது. இரத்தக்குழாய்கள் அந்தக் காம்பின் வழியாகவே செல்வதால், முறுக்கு நீடித்தால் சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். அடைப்பு இரைப்பையை ஒட்டி மேலே இருந்ததால்தான் வயிறு வீங்கவில்லை என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டோம்.

அந்த விளக்கத்தின் முடிவில் அவர் என் மகளைப் பார்த்து, "அம்மா, நீங்கள் சாப்பிட்டதாலோ செய்ததாலோ இது வரவில்லை. நீங்கள் கர்ப்பம் என்று தெரிந்துகொண்ட நாட்களிலேயே இது தொடங்கிவிட்டது" என்றார். கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள் என்று உறவில் சிலர் அவள் காதுபடவே பேசியிருந்தார்கள். அறுவை அரங்குக்கு விரைந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் பெற்றவளின் மனத்தை அறிந்து அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களுக்கு, சிகிச்சைக்குச் சொல்லும் அதே அளவு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்று கிலோவுக்கும் குறைவான உடல் குளிர்ந்துவிடாதபடி கை கால்களைப் பஞ்சால் சுற்றி, அரங்கின் குளிர்ச்சியைக் குறைத்து, கடைசிவரை குழந்தையின் தலைமாட்டிலேயே நின்ற மயக்கவியல் மருத்துவருக்கு என் வணக்கம். வயிற்றைத் திறந்தபோது குடல் கருநீலமாக இருந்ததாம். எதிர்த்திசையில் முறுக்கை அவிழ்த்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிவிட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். திரும்பாமல் போயிருந்தால், அப்படியே தையலிட்டு, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டியிருந்திருக்கும். எங்கள் நல்வினை, குடல் மெல்லச் சிவந்தது. அதன்பின் இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலின் குறுக்கே கிடந்து அதை அழுத்திய பட்டைகளை வெட்டி, குறுகிய சவ்வை அகலப்படுத்தி, சிறுகுடலை வலப்புறமும் பெருங்குடலை இடப்புறமும் அமைத்தார்கள். குடல்வால் இடம் மாறிவிடுவதால் பிற்காலத்தில் அதில் அழற்சி வந்தால் கண்டறிவது கடினம் என்று அதையும் அகற்றினார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் லாட் என்ற அறுவை மருத்துவர் இந்த முறையை 1936ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார். இன்றும் அவர் பெயரிலேயே இது வழங்குகிறது. கடல் கடந்து வாழ்ந்து மறைந்த அந்தப் பெரியவருக்கும் ஒரு கிராமத்துத் தாத்தாவின் நன்றி உரியது.

அறுவைக்குப் பின் குழந்தை பாலின்றிக் கிடந்த நாட்களில் வார்டு செவிலியர்களே எங்களைத் தாங்கினார்கள். இரைப்பைக் குழாயில் வடியும் நீர் பச்சையிலிருந்து வெளிறி, பிறகு தெளிந்து வரும்வரை, ஒவ்வொரு வேளையும் அளந்து குறித்தார்கள். தெளிந்தபின் முதன்முதலாகச் சில சொட்டுத் தாய்ப்பாலைக் குழாய் வழியே கொடுத்து, குழந்தை வாந்தி எடுக்கவில்லை என்று உறுதியானதும் எங்களைவிட அவர்களே அதிகம் மகிழ்ந்தார்கள். அதுவரை பால் வற்றிவிடாமல் வேளை தவறாமல் பீய்ச்சி எடுக்க என் மகளுக்குக் கற்றுக்கொடுத்து, மிகுந்ததை அங்குள்ள தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கவும் வழிகாட்டினார்கள். தன் பிள்ளை பட்டினி கிடந்த நேரத்தில் தன் பால் ஏதோ ஒரு குறைமாதக் குழந்தைக்குப் பயன்படுகிறது என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு தாயையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் குழந்தைக்கும் இதே நோய்தான். ஆனால் வந்து சேரத் தாமதமானதால் சிறுகுடலின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்து, நரம்பு வழியே ஏற்றும் ஊட்டச்சத்தை நம்பி அக்குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு துயரத்திலும் என் மகள் சாப்பிட்டாளா என்று கேட்டு, தன் தட்டில் இருந்ததைப் பகிர்ந்து கொடுத்தவர் அவர். அவர் குழந்தை நலம் பெற நாங்கள் நாள்தோறும் வேண்டிக்கொள்கிறோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை. குடல் மறுபடி முறுக்கிக்கொள்வது அரிது, இருந்தாலும் நடக்கக்கூடும் என்றும், அறுவைத் தழும்புகள் உள்ளே ஒட்டிக்கொண்டு பின்னாளில் அடைப்பை உண்டாக்கலாம் என்றும் சொன்னார்கள். எந்த வயதிலும் பச்சை வாந்தியோ விடாத வயிற்றுவலியோ வந்தால் உடனே அழைத்து வர வேண்டும் என்றும், குடல் இடம் மாறியிருப்பதும் குடல்வால் அகற்றப்பட்டதும் எழுதப்பட்ட சீட்டை எங்கு போனாலும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அந்தச் சீட்டைப் படியெடுத்துப் பெற்றோரிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றுமாக வைத்திருக்கிறோம். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்களில் பணியில் இருப்பவர்களையாவது நேரில் கண்டு வணங்குவேன்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
குழந்தையின் தாய்வழித் தாத்தா,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.